எண்ணெய்க் கையில் ஒரு பாட்காஸ்ட்

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேல்சாமிக்குக் கை ஒரு தொழில், வாய் ஒரு தொழில். குப்புறப் படுத்தவன் எழுந்து ஓட முடியாது என்கிற தைரியத்தில் இருபத்தாறு வருடமாகக் கதை அளந்துகொண்டிருக்கிறார். மெயினருவியில் குளித்த ஒருவருடைய தங்கப் பல், பாவூர்சத்திரம் சந்தையில் ஆட்டின் வாயில் கிடைத்தது என்பார். யாரும் நம்பியதில்லை, பாதியில் எழுந்து போனவரும் இல்லை.

அந்தப் பொய்களுக்கு முதல் ரசிகர் திருநெல்வேலி சிவசுப்பிரமணியன் சார், ஓய்வுபெற்ற தாசில்தார். பதினான்கு சீசனாகத் தவறாமல் வந்தவர் இந்த ஆனிக்கு வரவில்லை. இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் ஆகி, வலிக்குமென்ற பயத்தில் மல்லாந்தே கிடக்கிறார். பயிற்சி கொடுக்க வருகிறவர் கெஞ்சினாலும் ஒருக்களிக்க மாட்டேன் என்கிறாராம்.

“எண்ணெய இங்கனயே தேய்ச்சுக்கிடலாம். உம்ம பொய்ய எங்கன போய்க் கேக்க வே?” என்று போனில் சொன்னபோது சாரின் குரல் உடைந்தது. சீசன் முடிவதற்குள் சார் காதுக்குக் கதை போய்ச் சேர வேண்டும். வேல்சாமிக்கு வேறு நினைப்பே இல்லை.

வீட்டில் போனை முன்னால் வைத்து உட்கார்ந்தார். ஒரு வார்த்தை வரவில்லை. கைக்கு அடியில் முதுகு இல்லாமல் மனிதருக்குப் பேச்சு ஓடாது! கடைசியில் பக்கத்துக் கொட்டகை மாரியைப் படுக்கப் போட்டு, தேய்த்துக்கொண்டே நாற்பது நிமிடம் பேசிப் பதிந்தார். அதைத் தென்காசியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கிறிஸ்டியிடம் கொண்டுபோனார்.

“இது பாட்காஸ்ட்டா, அடிதடி கேஸா அண்ணாச்சி? பளார் பளார்னு கேக்குது.”

“அதான் வெட்டணும் தாயி. நடுவுல ‘கைய நீட்டுங்க’, ‘திரும்பிப் படுங்க சார்’னு வாய் தானா சொல்லிருக்கு. மாரி முதுகுன்னாலும் சார்னுதான் வருது. நல்ல சாப்ட்வேரா ஒண்ணு காட்டு.”

கிறிஸ்டி மூன்றைக் காட்டினாள். முதலாவது கம்ப்யூட்டரில் வெட்டுவது. மவுஸ் அவர் கையில் நிற்காமல் அயிரை மீனாக வழுக்கியது. இரண்டாவதில் ஏஐ தானாகவே சுத்தம் செய்யும். நாற்பது நிமிடத்தை நாலு நிமிடமாக்கித் தந்தது.

“எம் பேச்சையே குப்பைன்னு தள்ளிட்டு பாரு இந்த மூதி!”

மூன்றாவது போனிலேயே ஓடும் ஆப். ரேஷன் கடை மெஷினே ஏற்காத விரல் வேல்சாமியுடையது. அதிலிருக்கும் எண்ணெய் எந்தச் சீயக்காய்க்கும் போகாது. இருமலை வெட்டப் போய்த் தங்கப் பல் ஆட்டையே வெட்டிவிட்டார்.

“ஐயையோ, ஆடு போச்சே!”

கிறிஸ்டி மேலேயிருந்த வளைந்த அம்புக்குறியைத் தொட்டாள். ஆடு திரும்பி வந்தது.

“அழிச்சத திருப்பித் தருதா?”

“எத்தன தடவன்னாலும் தரும்.”

“அப்ப இதான். இதுக்கு மேல என்ன வேணும்?”

ஊருலகத்தில் ஒலித்தரம், அது இதென்று மாதக்கணக்கில் அலசுவார்களாம். வேல்சாமி அந்த ஓர் அம்புக்குறியைப் பார்த்தே முடிவு செய்தார்.

மூன்று நாள் தேடித் தேடி வெட்டினார். கடைசி ஒன்றையும் வெட்டிய திருப்தியில் போனைத் துண்டால் துடைத்தார். துடைத்த விரல் அம்புக்குறியில் பட்டு, கடைசியாக வெட்டியது பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. கவனிக்காமல் சாருக்கு அனுப்பிவிட்டார், கிறிஸ்டிக்கும் ஒன்று.

மறுநாள் கிறிஸ்டி கூப்பிட்டாள். “ஒண்ணு விட்டுப்போச்சு அண்ணாச்சி. ஆடு வாயத் தொறக்குத நேரத்துல ‘திரும்பிப் படுங்க சார்’னு வருது.”

வேல்சாமி தலையில் அடித்துக்கொண்டார். அசைய முடியாமல் கிடக்கிற மனிதரிடம் திரும்பிப் படு என்றால் நக்கல் அல்லவா! சார் இனி முகத்தில் முழிப்பாரா?

சாயங்காலம் சாரின் மகள் மஞ்சு கூப்பிட்டாள். வேல்சாமி முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

“மன்னிப்பா? அப்பா கண்ண மூடிக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க அண்ணாச்சி. நீங்க திரும்பச் சொன்னதும் ‘ம்’னுட்டு அவங்களாவே ஒருக்களிச்சிட்டாங்க. எங்களுக்குக் கை ஓடல, கால் ஓடல.”

பின்னாலிருந்து சாரின் குரல் கேட்டது. “ஓய் வேல்சாமி, இந்தப் பக்கம் முடிஞ்சிட்டு. அந்தப் பக்கம் எப்ப திரும்ப?”

வேல்சாமி கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார்.

“ஏலே மாரி, வந்து படுலே!”