சனியை நேருக்கு நேர்

எங்கள் அண்ணிக்கும் சனிக்கும் பல வருஷத்துப் பகை. அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. என்னைவிட மூத்தவள்தான், ஆனாலும் எங்களுக்குள் வா, போதான். போட் எஞ்சின் மக்கர் பண்ணினாலும் சரி, காயப்போட்ட மீன் மழையில் நனைந்தாலும் சரி, பழி சனியின் தலையில் விழும். பழவேற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் கருவாட்டுக் கடை போட வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. பொன்னேரி ஜோசியர் ஏழரைச் சனி என்றதும் அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டாள். ஏழரை முடிந்தும் பயம் முடியவில்லை. "அவன் பார்வ இன்னும் எம்மேலதான் கீது" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஐப்பசியில் சென்னையிலிருந்து வானாய்வகத்துக்காரர்கள் வந்து, டச்சுக் கல்லறைக்கு எதிரே மைதானத்தில் பெரிய டெலஸ்கோப்பை நிறுத்தினார்கள். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து சனி கிரகத்தைப் பார்க்கலாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். விளக்கு வைத்த கையோடு தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு அண்ணி என் வாசலில் வந்து நின்றாள்.

"அவன ஒரு தபா பாத்துடணும்டி. பாத்தா பயம் வுட்டுப்பூடும்னு தோணுது."

மைதானம் திருவிழா மாதிரி இருந்தது. சுண்டல் வண்டிகூட வந்துவிட்டது. பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் வாயெல்லாம் பல்லாகத் திரும்ப வரிசையில் போய் நின்றார்கள். கடல் பக்கம் மட்டும் மேகம் கறுத்து ஏறிக்கொண்டிருந்தது.

எங்கள் முறை வந்தது. அண்ணி குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணும் தெர்லமா. இருட்டாத்தான் கீது."

டெலஸ்கோப் பக்கத்தில் நின்ற பெண் தானும் பார்த்துவிட்டு, "நல்லாத் தெரியுதே ஆன்ட்டி" என்றாள். அண்ணி மறுபடி குனிந்தாள். மறுபடியும் இருட்டு. அப்போதுதான் கவனித்தேன். கோயிலில் சனீஸ்வரன் பார்வை படக்கூடாது என்று ஒதுங்கி நின்று கும்பிடுவோமே, அப்படியே ஓரமாக நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கிறாள். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம்.

"நேரா நில்லு அண்ணி. இது சன்னிதி இல்ல."

"உனுக்கு இன்னா, நீ சொல்லுவ. அவன் பாத்துட்டான்னா?"

"மேகம் மூடிடும், சீக்கிரம் பாருங்க" என்று அந்தப் பெண் அவசரப்படுத்தினாள்.

"நானும் கூடவே நிக்கிறேன். பட்டா ரெண்டு பேர் மேலயும் படட்டும், வா" என்று அவளை இழுத்து நேராக நிறுத்தினேன். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை வைத்தாள்.

வைத்தவள் எடுக்கவே இல்லை. பின்னால் முணுமுணுத்தார்கள்.

"இன்னா தெரியுது அண்ணி?"

"குட்டியூண்டு கீறான்டி. வளையம்லாம் போட்டுக்கினு அழகாக் கீறான்."

என் கையைப் பிடித்திருந்த பிடி மெல்லத் தளர்ந்தது. அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன், பார்த்தால் சிரிக்கிறாள். எனக்குத்தான் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"அவன் பாட்டுக்குக் கீறான்டி," என்றாள். "என்னப் பாக்கவே இல்ல."