வாசலுக்குக் குறுக்கே ஒரு தாம்புக் கயிறு

எங்கள் பக்கம் மாட்டுக்கு நோவு வந்தால் அக்கம்பக்கத்துச் சனம் பார்க்க வரும். வெறுங்கையோடு வர மாட்டார்கள்; ஒரு பிடி அகத்தித் தழையோ சோளத்தட்டோ கொண்டுவந்து போடுவார்கள். நெற்றியைத் தடவுவார்கள், வாயைப் பிளந்து பார்ப்பார்கள், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பிறகு அதே கையோடு தங்கள் கட்டுத்தரைக்குப் போய்த் தங்கள் மாட்டைத் தடவுவார்கள். இந்தப் பாசத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

நான் குமாரபாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் மாடு வளர்க்கக் கற்றேன். எத்தனை வருடம் சாணி அள்ளினாலும் என் ஓரகத்திக்கு, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவிக்கு, நான் தறிக்கார வீட்டுப் பெண்தான். அவர் அடுத்த வீட்டில் இருக்கிறார். நடுவில் இடுப்பளவுச் சுவர்.

அந்த ஐப்பசியில் என் கணவர் சந்தையிலிருந்து ஒரு சிந்துப் பசுவைக் கன்றோடு பிடித்து வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே அதன் வாயிலிருந்து எச்சில் நூல்நூலாக ஒழுகியது. காலை ஊன்ற முடியாமல் உதறியது. கால்நடை மருந்தகத்து டாக்டரம்மா நாக்கை இழுத்துப் பார்த்தார், கொப்புளம். கோமாரி என்றார். விற்றவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. வெளியே தெரிவதற்குள் சந்தைக்கு ஓட்டிவிடுவதைத்தான் இங்கே சாமர்த்தியம் என்கிறார்கள். என் கணவருக்கும் அதே சாமர்த்தியம் வந்தது.

"வாயக் கழுவியுட்டு அடுத்த சந்தைக்கு ஓட்டீரலாம்" என்றார்.

"ஏனுங்க, நம்ம தலையில ஒருத்தன் கட்டுனான்னு நாம இன்னொருத்தன் தலையில கட்டோணுமா? ஓட்டுனீங்கன்னா நானும் மாட்டோட கூடவே வந்து, சந்தைக்குள்ள நின்னு சீக்கு மாடுன்னு கத்துவேன்."

கத்தக்கூடியவள்தான் என்று அவருக்குத் தெரியும். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

டாக்டரம்மா போகும்போது ஒன்று சொல்லிப்போனார். இந்த நோய் மனிதருக்கு வருவது கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் மனிதரின் கை, செருப்பு, சேலை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த கட்டுத்தரைக்குப் போகும். அதைக் கேட்டதும் எனக்கு ஓரகத்தியின் மாடுதான் கண்முன் வந்தது. அது நிறைமாதச் சினை. முந்தைய இரண்டு ஈற்றும் கன்று தங்கவில்லை. அந்தப் பயத்திலேயே, தடுப்பூசி போட வந்தவர்கள் கண்ணில் படாமல் அதைக் காட்டு மூலையில் கட்டிவைத்திருந்தார். ஊசி போட்டால் கன்று விழுந்துவிடும் என்பது அவருடைய கணக்கு.

நான் பசுவையும் கன்றையும் சுவரை விட்டு வீட்டின் மறுபக்கம் மாற்றினேன். வாசலுக்குக் குறுக்கே தாம்புக் கயிற்றை இழுத்துக் கட்டினேன். கயிற்றடியில் சலவைச் சோடாத் தண்ணீரில் நனைத்த சாக்கு. வீடு வீடாகப் போய்ப் பால் கறப்பவரை வர வேண்டாம் என்றேன். நாங்கள் இருவரும்கூடக் கைகால் கழுவி, சேலை வேட்டி மாற்றாமல் தெருவில் இறங்கவில்லை.

முதலில் வந்தவர் ஓரகத்தி. கையில் அகத்தித் தழை.

"வராதீங்கக்கா. அங்கயே நில்லுங்க."

"ஏம்புள்ள, நோவுன்னு பாக்க வந்தவளுக்குக் கவுறு கட்டுறயா? நானென்ன திருட வந்தனா?"

"உங்க மாட்டுக்குத்தானுங்க்கா சொல்றேன்."

"தறிக்காரன் ஊட்டுப் புள்ள எனக்கு மாட்டப் பத்திச் சொல்லுதா?"

தழையைத் தெருவில் வீசிவிட்டுப் போனார். அன்று மாலைக்குள் நான் திமிர் பிடித்தவள் என்று தெரு முழுக்கப் பேச்சு. பேசட்டும் என்று இருந்தேன். சீரகமும் வெந்தயமும் மிளகும் ஊறவைத்து அரைத்து, வெல்லமும் தேங்காயும் சேர்த்து, பசுவின் நாக்கில் தடவிக்கொண்டிருந்தேன்.

பசு தேறியது. கன்று தேறவில்லை. ஒரு காலையில் மடியை முட்டப் போனது, அப்படியே சரிந்து விழுந்தது. இளங்கன்றுக்கு இந்த நோய் இதயத்தில் இறங்கிவிடுமாம். நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சத்தம் கேட்டுத் தெருவே கயிற்றுக்கு வெளியே கூடியது. ஓரகத்தியும் வந்து நின்றார்.

"இப்பவாவது கவுத்த அவுரு சாமி" என்றார் ஒரு பெரியவர்.

யாராவது வந்து என் தோளைப் பிடித்துக்கொள்ள மாட்டார்களா என்றிருந்தது எனக்கு. "அவுக்க மாட்டேன், போங்க எல்லாரும்" என்று அழுதுகொண்டே கத்தினேன். போனார்கள். நானும் கணவரும் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு கன்று கத்தியது. நல்ல கனத்த குரல். சீம்பால் காய்ச்சித் தெருவுக்கெல்லாம் கொடுப்பது வழக்கம். எங்கள் வீட்டுக்கு வராது என்று நினைத்துக்கொண்டேன். வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்றும் நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஓரகத்தி தூக்குப்போசியில் சீம்பாலோடு வாசலுக்கு வந்தார். கயிறு அப்படியேதான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. போசியைக் கயிற்றுக்கு வெளியே மண்ணில் வைத்துவிட்டு நான்கடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"பொட்டக்கன்னு" என்றார். முகத்தில் சிரிப்பில்லை.

நான் போய் எடுத்தேன். சூடாக இருந்தது. "ஊத்தி வெச்சுட்டுப் போசியக் கழுவித் தாரனுங்க்கா" என்றேன்.

"வேண்டாம் புள்ள. உங்கூட்டுக்குள்ள வந்த சாமான் எங்கூட்டுக்கு வரக் கூடாது. கன்னு இருக்குது."