லூசியானாவுக்கு ஒரு தீர்ப்பு

சுவிட்சர்லாந்தின் சோலோதுர்ன் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் பட்டிமன்றம் நடக்காத வருடம் கிடையாது. தலைப்பு மாறும், பேச்சாளர் மாறுவார்கள், தீர்ப்பு மட்டும் மாறாது. இரண்டு பக்கமும் சரிதான் என்று சொல்லிவிட்டு நடுவர் கும்பிடுவார். மடப்பள்ளி மணிபோல அதை நம்பித்தான் சமையல்காரர்கள் தேங்காய்ப்பால் சொதியைச் சூடாக்கினார்கள். நடுவர் எழுந்தால் அடுப்பை மூட்டலாம். அவர் உட்காரும்போது இடியப்பம் தட்டில் இருக்கும்.

அந்த வருடம் நடுவராக இருக்கும்படி உருத்திரமூர்த்தி பவதாரணியைக் கேட்டார். அதுவரை அந்த நாற்காலியில் பெண் எவரும் உட்கார்ந்ததில்லை. மூர்த்தி சங்கத்தைத் தொடங்கியவர். கடிகார உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அமெரிக்கர்கள் கிரீன்லாந்தை விலைக்குக் கேட்கிறார்கள் என்று செய்திகளில் அடிபட்ட குளிர்காலம் அது. தலைப்பையும் அதிலிருந்தே எடுத்திருந்தார்: அமெரிக்கா ஆரம்பத்தில் பெரிய நாடானது நிலத்தை வாங்கியா, பிடித்தா? வாங்கியே என்ற அணிக்கு அவரே தலைவர்.

“நான் மேடையிலை கதைச்சதே இல்லை அண்ணை,” என்றாள் பவதாரணி.

“உனக்குக் கதைக்க என்ன கிடக்கு? கடைசியிலை ரெண்டு பேரும் சரி எண்டு சொல்லு. நாங்கள் இருக்கிறதே நடுநிலை நாடு.”

பதினொரு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இங்கேயே படித்து, மாநில அரசின் நிலப் பதிவு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். வீடு கைமாறும் பத்திரங்களைச் சரிபார்ப்பது அவளுடைய வேலை. பேச்சுத்திறமை இருந்ததென்று யாரும் சொன்னதில்லை. சொல்வதற்குக் காரணமும் இல்லை. கேட்பதில் மட்டும் கொஞ்சம் கெட்டிக்காரி. எதிரில் இருப்பவர் முடிக்கும்வரை அடுத்து என்ன சொல்லலாம் என்று அவள் யோசிப்பதில்லை. அது அபூர்வமான குணம் என்றாலும், அதைப் பார்த்து யாரும் கைதட்டுவதில்லை.

விழாவுக்கு முந்தின வாரம் கணவன் யோகராஜா அவளைக் கூர்ந்து பார்த்தான். “என்ன, பழைய ஒப்பந்தம் எல்லாம் வாசிக்கிறீர்? உண்மையிலேயே தீர்ப்புச் சொல்லப் போறீரோ?”

“சொல்லக் கூடாதோ?”

“மூர்த்தி அண்ணை தோத்தாரெண்டு வையும், பொம்பிளையை இருத்தினது பிழை எண்டு அடுத்த கூட்டத்திலையே முடிவெடுப்பினம். பிறகு உமக்கும் இல்லை, வேறை ஒருத்திக்கும் இல்லை.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

விழா நாளில் மூர்த்தி நன்றாகவே பேசினார். அமெரிக்கத் தூதர்கள் நியூ ஓர்லியன்ஸ் துறைமுகத்தைத் தேடிப் பாரிசுக்குப் போன கதையை நேரில் பார்த்தவர்போலச் சொன்னார். “கேட்டது ஒரு துறைமுகம். நெப்போலியனுக்குச் சண்டைக்குக் காசு வேணும், முழு லூசியானாவையும் எடு எண்டிட்டான். கையெழுத்து விழுந்த அண்டைக்கு நாடு ரெண்டு மடங்கு. ஒரு வெடிச் சத்தம் கேட்டதோ?”

எதிரணித் தலைவி பற்றிமா மன்னார்க்காரி. முதியோர் இல்லத்தில் தாதி. “அண்ணை, சத்தம் கேக்காத காதுக்கு எங்கடை இல்லத்திலை மிசின் பூட்டுவம், வாங்கோ,” என்று தொடங்கினாள். சபை சிரித்து ஓய நேரமெடுத்தது. பிறகு புளோரிடாவுக்குப் போனாள். “அது ஸ்பெயினின்ரை இடம். முதல்லை அமெரிக்கப் படை உள்ளுக்குப் போச்சுது. பிறகுதான் ஒப்பந்தம். ஸ்பெயினின்ரை கைக்கு ஒரு சதமும் போகேல்லை. ஸ்பெயின் அமெரிக்கருக்குக் குடுக்கவேண்டிய நட்டஈட்டை நாங்களே எங்கடை ஆக்களுக்குக் குடுக்கிறம் எண்டு கணக்கை முடிச்சினம். உங்கடை வீட்டுக்குள்ளை ஒருத்தன் வந்து குந்தியிருந்து கொண்டு விலை பேசினால், அதுக்குப் பேர் வியாபாரமோ?”

பவதாரணி எழுந்தாள். சமையலறையிலிருந்து தேங்காய்ப்பால் வாசம் வந்தது. முன்வரிசையில் சிலர் கைப்பைகளை மடியில் எடுத்து வைத்தார்கள்.

“எங்கடை அலுவலகத்துக்கு வீடு வாங்க வாற ஆக்கள் விலையைப் பற்றித்தான் கதைப்பினம்,” என்றாள். “நாங்கள் பாக்கிறது வேறை. அந்த வீட்டிலை ஆருக்காவது வசிக்கிற உரிமை இருக்கோ எண்டு பாப்பம். ஒரு வயதுபோன மனுசிக்குச் சாகும்வரை அங்கை இருக்கிற உரிமை பதிஞ்சிருந்தால், வீடு எத்தனை கை மாறினாலும் அவ அங்கைதான் இருப்பா. புது முதலாளி அவவுக்கு வணக்கம் சொல்லிப்போட்டு மாடிக்குப் போகவேணும்.”

யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

“லூசியானாவிலை முந்தியே பழங்குடி ஆக்கள் இருந்தவை. பாரிசிலை கையெழுத்து வைச்சவைக்கு அந்தச் சனத்தின்ரை பேர்கூடத் தெரியாது. வாங்கினது மட்டும்தான் நடந்ததெண்டால் அந்தச் சனம் இண்டைக்கும் தங்கடை ஆற்றங்கரையிலை இருக்கவேணும். இல்லையே. அவையை எழுப்பித்தான் நாடு பெருத்தது. காசு குடுத்து வாங்கினது மற்ற ராசா குறுக்கை வராமல் இருக்கிறதுக்கு. நிலத்தைப் பிடிச்சுத்தான் எடுத்தவை. பற்றிமாவின்ரை அணி வெண்டிட்டுது.”

கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். தீர்ப்பு இன்னும் முடியவில்லையென்று நினைத்தார்கள் போலும், பந்திக்கு எவரும் எழவில்லை. பின்வரிசையில் ஒருவர், “அப்ப அலாஸ்கா? அது காசுக்கு வாங்கினதுதானே?” என்றார். இன்னொருவர், “அது பிறகு நடந்தது, தலைப்பு ஆரம்ப காலம்,” என்றார். அவ்வளவுதான், மண்டபம் முழுக்கப் பேச்சு. பந்திக்கு வரச்சொல்லி மூன்று முறை கூப்பிட்டார்கள். சொதி ஆறிப்போனதென்று பரிமாற நின்றவர்கள் நடுவரைத் திட்டினார்கள். மூர்த்தி மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு தனியே ஒரு மூலையில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

மாலை ஆறு மணிக்குள் மண்டபத்தைத் துடைத்துச் சாவியைப் பராமரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். பவதாரணி கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, நிலம் துடைக்கும் தடியோடு மூர்த்தி நேரே அவளிடம் வந்தார். யோகராஜா ஒலிபெருக்கிக் கம்பியைச் சுருட்டுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

“அந்த மனுசிக்கு உரிமை பத்திரத்திலை எழுதியிருக்கு,” என்றார் மூர்த்தி. “அந்தச் சனத்துக்கு எங்கை எழுதியிருந்தது? உன்ரை தீர்ப்பிலை ஓட்டை.”

“எழுதியிருக்கு அண்ணை. லூசியானா ஒப்பந்தத்தின்ரை ஆறாம் பிரிவு. பிரான்சுக்கு முந்தி அதை வைச்சிருந்த ஸ்பெயின் அந்தச் சனத்தோடை செய்த உடன்படிக்கையளை, ரெண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு வேறை செய்யும்வரைக்கும் அமெரிக்கா மதிக்கும் எண்டு.”

மூர்த்தி தடியை நிலத்தில் ஊன்றினார். “நான் விலையைப் பாத்ததோடை வாசிக்கிறதை நிப்பாட்டிட்டன்,” என்றார். “இதை ஏன் மேடையிலை சொல்லேல்லை?”

“நீங்கள் அப்பவே நல்லாத் தோத்துப்போனியள்.”

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தண்ணீர் வாளியை அவள் நின்ற இடத்திலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அடுத்த முறையும் நீதான் நடுவர். ஆனால் நான் எந்தப் பக்கம் கதைக்கிறதெண்டதை எல்லாத்தையும் வாசிச்சு முடிச்சிட்டுத்தான் சொல்லுவன். இப்ப தள்ளி நில்லு, உந்த இடம் இன்னும் துடைக்கேல்லை.”