உண்டியலில் விழுந்த பிளேட்

எங்கள் மாரியம்மனை நம்புகிறவர்கள் கூடும்போதெல்லாம் இதைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கோபம் ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தேன். அது ஆறுகிற வழியைக் காணோம். அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். ஆத்தா பொறுத்துக்கொண்டாள், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். தை மாதம். பொங்கல் லீவுக்கு மெட்ராஸிலிருந்து வந்து சேலம் சூரமங்கலத்தில் ரயில் இறங்கி, இரண்டு பஸ் மாறி ஊர் வந்து சேர்ந்தேன். எங்கள் ஊர் நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவே. வாசலில் கோலம் இருந்தது, கரும்பு சாத்தியிருந்தது. உள்ளே கால் வைத்ததும் நாற்றம் அடித்தது. சீழ் நாற்றம். அண்ணன் கட்டிலில் கிடந்தான். என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டான். நான் போர்வையைப் பிடுங்கி எறிந்தேன். முழங்காலுக்குக் கீழே இருந்ததைப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடி வந்து வாந்தி எடுத்தேன்.

அண்ணன் லாரி டிரைவர். அப்பா போன பிறகு எனக்கு அப்பாவும் அவன்தான். முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம், ஏற்காட்டிலிருந்து காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பிரேக் பிடிக்காமல் லாரி சாய்ந்துவிட்டது. கால் எலும்பு இரண்டாகப் போயிற்று. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் உள்ளே பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கினார்கள். நடந்தான். ஒரு வருஷம் நன்றாகத்தான் நடந்தான். அப்புறம் வலி. அப்புறம் வீக்கம். ஒரு நாள் தண்ணீர் மோட்டார் போடப் போனவன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். உள்ளே பிளேட் உடைந்திருந்தது. திறந்து பிளேட்டை எடுத்தார்கள். மூன்று ஸ்க்ரூ கையோடு வந்தது. மற்றவை எலும்பில் இறுகிப் பாதியில் முறிந்துபோக, அப்படியே விட்டுத் தைத்துவிட்டார்கள். தையல் மூடவே இல்லை. தைப்பூசம் கழிந்ததும் கூட்டி வாருங்கள், முழங்காலுக்கு மேலே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வலி ஆரம்பித்த பிறகு நடந்ததில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. படிக்கிற பிள்ளையின் பரீட்சை கெட்டுவிடுமாம். கால் போகலாம், பரீட்சை போகக்கூடாதாம். அம்மாவை நான் பேசிய பேச்சு அன்றைக்குத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

நான் என்ன படித்தேன் என்று சொன்னால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும். ஒரே பட்டத்துக்குள் இரண்டு படிப்பு. ஒரு பாதி உலோகம், பீங்கான், பிளாஸ்டிக் என்று பொருள்களைப் பற்றியது. இன்னொரு பாதி மனித உடம்பும், உடம்புக்குள் வைக்கிற, உடம்போடு சேர்ந்து வேலை செய்கிற கருவிகளும். காலையில் உலைக்கு முன்னால் நிற்போம், மத்தியானம் ஆஸ்பத்திரியில் எலும்பைப் பார்ப்போம். புதுப் படிப்பு. வகுப்பில் பெண் பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர். இந்தப் படிப்புக்கு நான் கிளம்பினபோது ஊரே சிரித்தது. முன்னால் நின்று சிரித்தவர் எங்கள் பெரியப்பா. கோயில் தர்மகர்த்தா அவர். "இரும்படிக்கிற எடத்துல ஈக்கு என்னங்க வேலை?" என்று பத்துப் பேர் இருக்கும்போது அம்மாவிடம் கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன்தான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

அந்த அண்ணனின் கால். நான் எதைப் படிக்கப் போனேனோ அதே இரும்பு, அதே எலும்பு. ஆத்தா எனக்கென்றே பார்த்து வைத்த மாதிரி இருந்தது.

அந்த வருஷம்தான் எங்கள் பேராசிரியர் ஒரு பாடம் நடத்தியிருந்தார். உடம்பு என்பது உப்புத் தண்ணீர். இரண்டு வேறு வேறு உலோகத்தை ஒன்றோடொன்று தொடும்படி உப்புத் தண்ணீருக்குள் வைத்தால், ஒன்று மற்றொன்றை அரித்துத் தின்னும். நம் பக்கத்தில் கிணற்றுக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். உப்புத் தண்ணீர்க் கிணற்றில் இரும்புக் குழாயோடு பித்தளை வால்வை மாட்டினால், மாட்டின இடத்தில் குழாய்தான் ஓட்டையாகும். அண்ணனின் காலிலும் அப்படி நடந்திருந்தால், உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிற அரிபட்ட ஸ்க்ரூ ஒவ்வொன்றும் இன்னும் துருவைக் கக்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதை எடுக்காமல் புண் எப்படி ஆறும்? காலையே எடுக்கிறேன் என்கிறார்களே, முதலில் ஸ்க்ரூவை எடுத்துப் பாருங்களேன்! ஆனால் இதெல்லாம் என் ஊகம். ஊகத்தை வைத்துக்கொண்டு எந்த டாக்டரிடம் போய் நிற்பது? உடைந்த பிளேட்டும் வெளியே வந்த ஸ்க்ரூவும் கையில் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் குடுத்தாங்களே, அது எங்கே என்று அம்மாவைக் கேட்டேன்.

அம்மா சொன்ன பதிலை இன்று நினைத்தாலும் எனக்குப் பல் கடிக்க வருகிறது. "ஒடம்பு வாங்காத இரும்பு, அத ஊட்டுக்குள்ள வெக்கலாமா, சாமி? மஞ்சத்துணில முடிஞ்சு ஆத்தா உண்டியல்ல போட்டுட்டேன்."

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கண் நோவு தீர்ந்தால் வெள்ளியில் கண்மலர் வாங்கிப் போடுகிறோம். கால் குணமானால் தகட்டில் கால் செய்து போடுகிறோம். அம்மா அதைத் தலைகீழாகச் செய்திருந்தாள். கால் குணமாகவில்லை. அதைக் கெடுத்த இரும்பை ஆத்தாவிடமே ஒப்படைத்துவிட்டால் கெடுதலும் அதோடு போய்விடும் என்று நினைத்திருக்கிறாள். அவளைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

பெரியப்பா வீட்டுக்குப் போனேன். உண்டியல் சாவி அவரிடம்தான். உண்டியலில் விழுந்தது ஆத்தா சொத்து, பங்குனித் திருவிழாவுக்குத்தான் திறப்போம், அதுவரை அதை எவனும் தொட முடியாது என்றார். பங்குனிக்கு அண்ணனுக்குக் கால் இருக்காதே என்றேன். ஆத்தா சித்தம் என்றார். உங்கள் காலாக இருந்தால் இப்படிச் சொல்வீர்களா என்று கேட்டுவிட்டேன். பெரியம்மா வாயில் கை வைத்தாள். கடைசியில் அவர், வேண்டுமானால் வெள்ளிக்கிழமை வந்து பூக் கேள், ஆத்தா கொடுத்தால் திறக்கிறேன் என்றார்.

பூக் கேட்பது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அம்மன் சிலையின் மேல் ஈரப் பூவை ஒட்டி வைத்துக் கேட்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் சரி என்கிறாள். இடப்பக்கம் விழுந்தால் இல்லை என்கிறாள். விழாவிட்டால் பேச மாட்டேன் என்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு போய் நின்றேன். பாதி ஊர் வந்திருந்தது, வேடிக்கை பார்க்க. பூசாரி அம்மனின் நெற்றிக்கு மேலே வெள்ளை அரளிப் பூ ஒன்றை ஒட்டினார். நின்றேன். வெயில் ஏறியது. பூ அசையவில்லை. அம்மா அழுதுகொண்டே கும்பிட்டாள். பெண்கள் குலவை போட்டார்கள். பூ அசையவில்லை. உச்சிக்காலம் நெருங்கும்போது பூசாரி என் பக்கம் திரும்பி, "ஆத்தா பேசலீங்க, அம்மிணி. போயிட்டுப் பங்குனிக்கு வாங்க" என்றார். கூட்டம் கலைய ஆரம்பித்தது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அப்போது எனக்குள் இருந்த அத்தனையும் வெளியே வந்தது. அதற்கு முன் நான் செய்த பிரார்த்தனை எல்லாம் கைகூப்பி, கண்ணை மூடி, மனசுக்குள். அன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டு அவள் முகத்தைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன்.

"உனக்கு எதுக்கு ஆத்தா அந்த இரும்பு? நீ என்ன நடக்கவா போற? எங்கண்ணன் நடக்கோணும். அவன் கால உடச்சுப்போட்ட, ஒத்துக்கிட்டோம். உடஞ்சதையும் நீயே பூட்டி வெச்சுக்குவியா? சும்மா கேக்கல, கடனாத்தான் கேக்கறேன். குடு. குடுக்க மாட்டீன்னா இடப்பக்கமாப் போட்டு என் மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்லு. ஊமையாட்டம் உக்காந்திருக்காத."

பூசாரி காதைப் பொத்திக்கொண்டார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை.

பூ விழுந்தது. வலப்பக்கம்.

ஈரம் காய்ந்தால் பூ விழத்தான் செய்யும் என்று என்னோடு படித்தவர்கள் பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரியாதா? ஒட்டுவது, உதிர்வதுதானே நான் படித்த படிப்பே! காய்ந்தால் விழும், சரி. காலையிலிருந்து விழாமல் இருந்துவிட்டு நான் கேட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்து வலப்பக்கமாக விழ அந்த ஈரத்துக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இதற்கு மேல் யாரோடும் வாதாட எனக்குப் பொறுமை இல்லை.

பெரியப்பா உண்டியலைத் திறந்தார். சில்லறைக்கும் நெல்லுக்கும் நடுவிலிருந்து மஞ்சள் துணி முடிச்சைத் தானே எடுத்து என் கையில் வைத்தார். "ஆத்தா குடுத்துட்டா, அம்மிணி. எடுத்துக்க." நல்ல மனுஷர்தான். அன்றைக்குத்தான் எனக்கு அது தெரிந்தது.

அன்று சாயங்கால ரயிலிலேயே மெட்ராஸ் திரும்பினேன். பேராசிரியர் லீவென்றும் பார்க்காமல் ஆய்வகத்தைத் திறந்தார். பிளேட்டை ஓரமாக அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தோம். ஸ்க்ரூவையும் அப்படியே. நான்தான் முதலில் குனிந்து பார்த்தேன். பார்த்ததும் அழுகை வரவில்லை, கெட்ட வார்த்தைதான் வந்தது. பிளேட் ஒரு எஃகு, ஸ்க்ரூ வேறு எஃகு. ஸ்க்ரூ உட்கார்ந்திருந்த ஓட்டையைச் சுற்றிக் கறுத்து, குழி குழியாக அரித்து, அந்தக் குழியிலிருந்துதான் வெடிப்பு ஓடியிருந்தது. ஒருவர் செய்த பிளேட், இன்னொருவர் செய்த ஸ்க்ரூ, எல்லாம் பளபளவென்று ஒரே தட்டில். எவர்சில்வர்தானே, எல்லாம் ஒன்றுதானே என்று யாரோ எடுத்து முடுக்கியிருக்கிறார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த யாரோவின் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

எங்களுக்கு எலும்புப் பாடம் எடுத்த சர்ஜனிடம் பேராசிரியரே என்னைக் கூட்டிப் போனார். அந்தப் படிப்பில் உலோகத்துக்காரரும் எலும்புக்காரரும் ஒரே வராந்தாவில் இருந்தார்கள். வேறெங்கே அப்படி இருந்தார்கள்? சர்ஜன் பிளேட்டையும் ஸ்க்ரூவையும் வெகுநேரம் பார்த்தார். உள்ளே இருக்கிற ஸ்க்ரூவை எடுத்து எலும்பைச் சுத்தம் செய்து பார்க்கலாம், உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் இதைச் செய்து பார்க்காமல் காலை எடுக்க வேண்டாம் என்றார்.

நான் ஊர் வந்து சேர்ந்தபோது தைப்பூசத்துக்கு முந்தின நாள். சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பாதிப் படிப்புப் படித்த பெண் பேச்சைக் கேட்டு ஆளையே பறிகொடுக்கப் போகிறீர்கள் என்றுகூட ஒருவர் சொன்னார். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே படுத்திருந்தான். கடைசியில், "ஆத்தாளையே கேள்வி கேட்டு வாங்கிட்டு வந்திருக்கறா. நான் அவகூடப் போறேன்" என்றான். அதோடு பேச்சு முடிந்தது.

மெட்ராஸில் ஆபரேஷன் நடந்தது. ஸ்க்ரூவைச் சுற்றி எலும்பும் சதையும் கரியாகக் கறுத்திருந்ததாம். சுரண்டி எடுத்தார்கள். மாசி போயிற்று, பங்குனி போயிற்று. சித்திரையில் சீழ் நின்றது. ஆடியில் அண்ணன் கட்டையை ஊன்றி எழுந்து நின்றான். அடுத்த தைக்குக் கட்டையைத் தூக்கி மாட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டான். அரை அங்குலம் குட்டைக் கால்தான், சாய்ந்து சாய்ந்துதான் நடப்பான். ஆனால் அது அவன் கால்.

அந்தத் தைக்குப் பின் வந்த பங்குனியில் கடனைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அறுபட்ட பிளேட், பழைய ஸ்க்ரூ, எலும்பிலிருந்து பிடுங்கினது எல்லாமே. ஆத்தா சொத்தை அறுத்துவிட்டீர்களே என்று பூசாரி முகம் சுளித்தார். அறுத்ததால்தான் கால் மிஞ்சியது, ஆத்தாவுக்கு அது தெரியும் என்றேன். அண்ணன் கற்பூரம் ஏற்றினான். அன்றைக்குத்தான் நான் அழுதேன். அடிவயிற்றிலிருந்து அழுதேன். தாயே, நான் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாயே, அது போதும் என்று அவள் காலில் விழுந்தேன்.

அதன் பிறகு நான் வேறு வேலைக்கே போகவில்லை. உடம்புக்குள் வைக்கிற உலோகத்தைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு. ஒன்றோடு ஒன்று சேராததைத் தள்ளுகிறேன், சண்டை போடுகிறேன், திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்குகிறேன். ஏன் ஆத்தா முதலில் அந்தக் காலை உடைத்தாய் என்று ஒவ்வொரு வருஷமும் அவளைக் கேட்கிறேன். அதற்கு மட்டும் அவள் இன்னும் பூக் கொடுக்கவில்லை. கேட்பதை நான் விடப்போவதும் இல்லை.

நீங்களும் அவளை நம்புங்கள். கும்பிட்டு வாங்க முடியாதவர்கள் சண்டை போட்டு வாங்குங்கள். அவளுக்கு அது பழக்கம்தான். வாயை மூடிக்கொண்டு மட்டும் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். இன்னொன்று. உங்கள் வீட்டில் யாருடைய உடம்பிலிருந்தாவது பிளேட், ஸ்க்ரூ எடுத்தால் முதலில் எனக்குக் காட்டுங்கள், அப்புறம் உண்டியலில் போடுங்கள். எங்கள் கோயிலில் இப்போது பூசாரியே அப்படித்தான் சொல்லி வாங்கி வைக்கிறார். பெரியப்பா அதற்கென்று ஒரு பித்தளைச் சொம்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதில் சேருகிற முடிச்சுகளை எடுத்துக்கொண்டு, சேலத்தில் ரயில் ஏறி, மெட்ராஸுக்கு என்னிடம் கொண்டு வந்து கொடுக்கிறவன் என் அண்ணன். ஸ்டேஷனிலிருந்து நடந்தே வருகிறான்.