கிருபாவதியின் துண்டு

சொம்பு நிறைய வெந்நீர். அதில் தலைகீழாக ஜெல் பாட்டில். கைக்குழந்தைக்குப் பால் சூடு பார்ப்பதுபோல, கிருபாவதி மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறாள். நெஞ்சில் தையலோடு வருகிறவர்கள்மேல் சில்லென்று எதையாவது தடவுவது அவளைப் பொறுத்தவரை பாவம்.

திருப்பதியில் இதய ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்கோ ஸ்கேன் எடுப்பவள். சொந்த ஊர் சித்தூர். கூடப் படித்தவர்கள் பாதிப் பேர் இந்த நாலைந்து வருடத்தில் குவைத்துக்குப் பறந்துவிட்டார்கள். "அங்க ஜெல்ல சூடு பண்றதுக்கே மிஷினு இருக்குதாம். எனுக்கு இந்த சொம்பே போதும்" என்பாள். அதில் பொறாமை துளியும் இருக்காது. தெலுங்குக்காரர்களிடம் "ஊபிரி பிகபட்டண்டி" என்று மரியாதையாகச் சொல்பவள், தமிழ் ஆள் என்று தெரிந்தால் "மூச்ச இஸ்து புடி" என்று உரிமையில் இறங்கிவிடுவாள்.

ரிசல்ட் சொல்வது டாக்டர் வேலை. அவள் வாயே திறக்க மாட்டாள். ஆனால் வார்டு முழுக்கத் தெரியும்: எல்லாம் சரியாயிருந்தால் துண்டைக் கையில் கொடுத்து, "தொட்சிக்கினு கெளம்பு" என்பாள். கோளாறு என்றால் மனசு கேட்காமல் தானே துடைத்துவிடுவாள். இந்தப் பழக்கம் தெரியாத ஒரே ஆள் கிருபாவதிதான்.

கார்வேட்டிநகரத்துப் பாலையா வந்தது, வால்வு மாற்றிய ஏழாம் நாள். புத்தூர் பஸ்ஸுக்கு மூட்டை கட்டிக்கொண்டு மனைவி ரத்னம்மா வெளியே உட்கார்ந்திருந்தாள்.

"மல்லாந்து பட்த்தா மூச்சு அடைக்குதும்மா. வேற ஒண்ணுமில்ல."

திரையில் இதயத்தைச் சுற்றிக் கறுப்பாக நீர் கட்டியிருந்தது. விரிய இடமில்லாமல் இதயம் நெருக்குண்டு துடித்தது. கிருபாவதி நர்ஸுக்குக் கண்ணைக் காட்டினாள். நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

"ஊர்ல கரும்பு வெட்டியாச்சா நைனா?" என்று கேட்டபடி, அவர் நெஞ்சை மெதுவாகத் துடைத்தாள்.

பாலையா அவள் கையைப் பார்த்தார். "நீயே தொடைக்கிற. அப்போ இன்னிக்கி நா ஊருக்குப் போவல."

"யாரு சொன்னாங்க?"

"வார்டே சொல்லுது."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அன்றைக்கே ஊசி போட்டு நீரை வடித்தார்கள். நாலாம் நாள் மறுபடி எக்கோ. கறுப்பு போயே போய்விட்டது. கிருபாவதிக்குச் சந்தோஷம்தான், ஆனால் தர்மசங்கடமும்கூட. துண்டைக் கொடுத்தால் டாக்டருக்கு முந்தி ரிசல்ட் சொன்னதாகிவிடும். கொடுக்காவிட்டால் மனுஷன் பயத்திலேயே போய்ச் சேருவார். பாலையா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் துண்டைச் சொம்பில் நனைத்துப் பிழிந்தாள். கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அப்புறம் அதை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.