யாரும் கேட்காத கட்டம்

பணிப்பதிவேட்டில் அவளைப் பற்றி இருப்பது இவ்வளவுதான்: 'தட்டச்சர், இரண்டாம் நிலை, பிரேதப் பரிசோதனைப் பிரிவு. கொடுத்ததைக் கொடுத்தபடி தட்டச்சு செய்பவர். சொந்தக் கருத்து சேர்த்தல் பணியில் அடங்காது.'

சொந்தக் கருத்து இல்லாமல் அவள் பல் துலக்கியதுகூட இல்லை. அறிக்கையில் இடப்பக்கம் வார்டு சொன்ன நோய்; வலப்பக்கம் உடலைத் திறந்தபின் தெரிந்த நோய். பத்தொன்பது வருடமாக இரண்டையும் அடித்து அடித்து, இடப்பக்கத்தைப் பார்த்தே வலப்பக்கம் என்ன வரும் என்று சொல்லுமளவுக்குத் தேறிவிட்டாள். பிரிவில் அவளை 'முக்கால் டாக்டர்' என்பார்கள். மீதிக் காலைத் தங்கை தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்பது அவள் கட்சி.

இருவரும் ஒரே மேசையில் படித்து ஒரே நுழைவுத் தேர்வு எழுதியவர்கள். இளையவளுக்கு இடம் கிடைத்தது. இப்போது அதே ஆஸ்பத்திரியில் மாடி வார்டு டாக்டர். அம்மா இருப்பது மூத்தவள் வீட்டில். தும்மல் வந்தால் போன் போடுவது இளையவளுக்கு.

"வெந்நீர் குடிம்மா, சரியாயிடும்" என்பாள் மூத்தவள்.

"அவகிட்ட கேட்டுட்டேன். நீ டைப் அடிக்கிறவ, சும்மா இரு."

இளையவள் சொன்னதும் வெந்நீர்தான்.

இந்த வயிற்றெரிச்சலுக்கு மருந்தாக அக்கா ஒரு நோட்டு வைத்திருந்தாள். தங்கை எழுதிய நோயும் உடல் காட்டிய நோயும் வேறுபட்டால் ஒரு சிவப்புக் கோடு. நுரையீரல் ரத்தக்கட்டியை மாரடைப்பு என்று தங்கை எழுதியிருந்த அன்று, இன்னொரு டீ சொன்னாள். இந்த வருடம் மொத்தம் பதினொரு கோடு. அதே வார்டின் இன்னொரு டாக்டருக்கு ஒன்றே ஒன்று.

அந்த இருவரில் ஒருவரை வார்டுத் தலைவராக்க மறுநாள் கூட்டம். பிரிவின் பெரிய டாக்டர் வந்து கூட்டத்துக்கு ஓர் அட்டவணை கேட்டு, "மூணு கட்டம் போதும்மா. பேரு, இறப்பு, தப்பு" என்றார். பத்தொன்பது வருடத்தில் அவளுக்குப் பிடித்த முதல் உத்தரவு.

பன்னிரண்டாவது தப்பு கிடைக்குமா என்று கோப்புகளைப் புரட்டினாள். கிடைத்தது வேறு. இருவருக்கும் இறப்பு அறுபது அறுபது. தங்கை நாற்பத்தொன்றைத் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தாள். மற்றவர் அனுப்பியது இரண்டு; அதில் ஒன்று தப்பு. மீதி ஐம்பத்தெட்டில் அவர் எழுதியதே நோய், எழுதியதே சரி. திறக்காத உடல் யாருடைய கணக்கையும் கெடுப்பதில்லை. தங்கை சரியாகச் சொன்ன முப்பதை அக்காவும் எண்ணியதே இல்லை. அவளிடம் இருந்தது சிவப்புப் பேனா மட்டும்.

மதியம் தங்கை கீழே வந்தாள். "என்னக்கா, எனக்கு எத்தனை?"

"பதினொண்ணு."

"அவ்ளோதானா? பதினஞ்சாச்சும் இருக்கும்னு நெனச்சேன்."

"வெக்கமா இல்லையாடி?"

"இருக்கு. அதுக்காக, தெரியாததைத் தெரிஞ்சுக்காம இருக்க முடியுமா? சொந்தக்காரங்க கையக் கால புடிச்சுல்ல சம்மதம் வாங்குறேன்."

தப்பு செய்வதில்கூட இவள்தான் ஒசத்தி. அக்காவுக்கு முன்னைவிட அதிகமாக எரிந்தது.

தங்கை படியேறிப் போனதும், அட்டவணையில் யாரும் கேட்காத நான்காவது கட்டம் ஒன்றைப் போட்டாள். 'திறந்து பார்க்கச் சொன்னவை' என்று தலைப்பிட்டு, தங்கை பெயருக்கு நேரே நாற்பத்தொன்று என்றும் மற்றவர் பெயருக்கு நேரே இரண்டு என்றும் அடித்தாள்.