றெக்கை பிடிக்க ஒரு ஆள்

மோகனசுந்தரத்துக்கு விமானம் கட்டத் தெரிந்தது. அதன் றெக்கையைப் பிடிக்க ஒரு ஆளைக் கூப்பிடத்தான் வாய் வரவில்லை. என்ன மனுசன் போங்க!

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே நாலு ஏக்கர் நெல்வயல் அவருக்கு. வயசு ஐம்பத்திரண்டு. கோயமுத்தூர் மில்லில் ஃபிட்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கல்யாணம் கூடி வரவில்லை. ஒத்தையாகச் சமைத்து ஒத்தையாகச் சாப்பிடுகிற பிழைப்பு.

1979-இல் ஒருத்தன் எஞ்சின் இல்லாமல், சைக்கிள் மாதிரி மிதித்தே, இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குக் கடல் தாண்டிப் பறந்தானாம். போனில் அந்த வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து இவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மூங்கில், அலுமினியக் குழாய், பாலித்தீன், சைக்கிள் செயின் என்று மூணு வருசப் பாடு. வீடியோவில் ஒரு இடத்தில் ஆட்கள் படகில் கூடவே போய், "விட்டுடாதே" என்று கத்துவார்கள். அந்த இடம் வந்தால் மட்டும் போனை அணைத்துவிடுவார்.

எழுபது அடி றெக்கை. கிளம்பும்போது ஒரு முனையையாவது யாராவது பிடித்துக்கொண்டு ஓட வேண்டும், இல்லாவிட்டால் சாய்ந்து தரையில் உரசும். நாலு தடவை மூங்கில் முறிந்தது. ஊராரைக் கூப்பிட்டால் சிரிப்பார்கள். பக்கத்து வயலில் கூடப் பிறந்த அண்ணன் ஆறுமுகசாமி நிற்கிறார், ஆனால் கிணத்துப் பங்கில் சண்டை வந்து ஒன்பது வருசமாகப் பேச்சில்லை. சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொல்லுவார்கள். "மோட்டார நிறுத்தாமப் போனா கெணறு வத்திப் போகாதா?" என்று அண்ணன் தன் எருமையைக் கேட்பார். தம்பி தன் பசுவிடம் பதில் சொல்லுவார். அறுபது வயசு ஆளுக்கும் அவர் தம்பிக்கும் இது ஒரு பொழப்பா, சொல்லுங்க!

மாசி அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடந்தது. காற்று எழும்பாத விடியற்காலை. மோகனசுந்தரம் பசுவைத் தடவிக்கொண்டே சத்தமாகச் சொன்னார்: "றெக்கையப் புடிச்சுட்டு நாப்பது அடி கூடவே ஓட ஒரு ஆளு இருந்தாப் போதும்."

அண்ணன் மண்வெட்டியைக் கீழே வைத்தார். வரப்பைத் தாண்டி வந்தார். தம்பி முகத்தைப் பார்க்காமல் போய் றெக்கை முனையைப் பிடித்தார்.

மோகனசுந்தரம் விமானத்தில் ஏறி உயிரைக் கொடுத்து மிதித்தார். அண்ணன் மூச்சிரைக்க ஓடி வருவது காதில் கேட்டது. அப்புறம் சக்கரத்தின் கடகடப்பு நின்றது. அடேயப்பா! ஒரு ஆள் உயரம், எட்டே எட்டு செகண்டு. வயல் முடிகிற இடத்தில் விமானம் தொப்பென்று இறங்கியது.

"அண்ணா! பாத்தீங்களா?"

ஒன்பது வருசமாக மாட்டிடமே பேசிய வாய், தன்னை மறந்து நேராகக் கூப்பிட்டுவிட்டது. ஆறுமுகசாமி அதற்குள் வரப்பேறியிருந்தார். கூப்பிட்டதும் நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார். திரும்பவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

மோகனசுந்தரம் அவர் தலை மறைகிற வரைக்கும் பெடலில் வைத்த காலை எடுக்கவில்லை. வெயில் ஏறியதும் இறங்கி, விமானத்தை ஒத்தையாகவே தள்ளிக்கொண்டு வந்தார்.